கரடான ஜாடிகள்: புரூட்டலிசப் பூச்சாடி சேர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வேலைக்காக ஜெர்மனிக்கு வந்து, ரைன் நதியோரத்து ஊர் ஒன்றில் தங்கிவிட்டவன் நான். ஞாயிற்றுக்கிழமை கூடும் பழம்பொருள் சந்தைகளில் சுற்றிச் சுற்றி, 1960களிலும் 70களிலும் செய்த மண் ஜாடிகள் 27 வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்களும் ஜாடிகளின் படங்களைப் பார்க்கிற ஊர் நண்பர்களும் கேட்ட கேள்விகளைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே எழுதியிருக்கிறேன்.

புரூட்டலிசம் என்றால் என்ன? கொடூரமானது என்று அர்த்தமா?

காதில் அப்படித்தான் விழுகிறது. ஆனால் சொல்லின் வேர் வேறு. பிரெஞ்சில் 'பெட்டோன் ப்ரூட்' என்றால் பூச்சு வேலை செய்யாமல் அப்படியே விட்ட கான்கிரீட். நம் ஊரில் சென்ட்ரிங் பிரித்த அன்று தளத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். பலகையின் மர ரேகை, இரண்டு பலகைக்கு நடுவே கசிந்து உறைந்த சிமெண்ட் வரி, காற்றுக் குமிழி விட்ட சின்னக் குழி எல்லாம் தெரியும். மறுவாரமே கொத்தனார் அதன்மேல் பூசி மறைத்துவிடுவார். மறைக்க வேண்டாம், அதுவே முகமாக இருக்கட்டும் என்று விட்டவர் லெ கொர்பூசியே என்ற கட்டடக் கலைஞர். மார்செய் நகரில் 1952ல் அவர் முடித்த பெரிய குடியிருப்புக் கட்டடம் இந்த வழிக்குத் தொடக்கம். சண்டிகரில் அவர் கட்டிய தலைமைச் செயலகத்திலும் உயர் நீதிமன்றத்திலும் இதே கான்கிரீட்டைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் அலிசன் ஸ்மித்சன் என்ற கட்டடக் கலைஞர் 1953ல் 'நியூ புரூட்டலிசம்' என்ற சொல்லை எழுத்தில் கொண்டுவந்தார். கட்டடக்கலை விமர்சகர் ரேனர் பன்ஹாம் 1955ல் அதைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்தச் சொல் ஊன்றிக்கொண்டது.

அதற்கும் பூச்சாடிக்கும் என்ன தொடர்பு?

அந்தக் காலத்தில் ஜாடி செய்தவர்கள் தங்களைப் புரூட்டலிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் விற்பவர்களும் சேர்ப்பவர்களும் ஒட்டிய பெயர் அது. அதனால் எது இதில் சேரும், எது சேராது என்பதற்கு எழுதிவைத்த விதி கிடையாது.

என் அளவில் மூன்றைப் பார்க்கிறேன். ஜாடியின் உடம்பு கனமாக இருக்க வேண்டும். மேற்பரப்பு மண்ணையும் தீயையும் ஒளிக்காமல் காட்ட வேண்டும். குழி, குமிழி, சொரசொரப்பு, வழிந்து உறைந்த திரள் எதுவானாலும் சரி. மூன்றாவதாக, உருவத்தில் கட்டடத்தின் சாயல் வேண்டும்: பெட்டி, தூண், புகைபோக்கி, அடுக்கு. மூன்றில் இரண்டு இருந்தால் போதும், கையில் எடுத்துப் பார்ப்பேன். வழவழப்பான ஜாடியில் நான்கு புள்ளி சொரசொரப்பாக வைத்துவிட்டு இந்தப் பெயரில் விற்றால் நகர்ந்துவிடுவேன்.

புதிதாகச் சேர்ப்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

தயங்காமல் மேற்கு ஜெர்மனி என்பேன். காரணம் எளிது. நிறையச் செய்தார்கள், நிறைய மிஞ்சியிருக்கிறது, ஐரோப்பாவில் இன்னும் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது.

ரைன் நதிக்குக் கிழக்கே வெஸ்டர்வால்ட் என்ற மலைப்பகுதி இருக்கிறது. அங்கே ஒரு பகுதிக்குப் பெயரே 'கன்னன்பேக்கர்லாண்ட்', அதாவது ஜாடி சுடுகிறவர்களின் நாடு. நல்ல களிமண் படுகைகள் அங்கே கிடைப்பதால் நூற்றாண்டுகளாக மட்கலத் தொழில் நடந்த மண். போருக்குப் பிறகு ரான்ஸ்பாக், ஹோர்-கிரென்ஸ்ஹவுசன், எபர்ன்ஹான் போன்ற ஊர்களில் தொழிற்சாலைகள் பெருகின. பாய், டுயும்லர் உண்ட் பிரைடன், செராமானோ, ரோத் எல்லாம் இந்த வட்டாரத்துப் பெயர்கள். தெற்கே, மைன் நதியோரம் கிளைன்ஹொய்பாக்கில் ஷோய்ரிஷ் நிறுவனம் இருந்தது, இன்றும் இருக்கிறது. 1928ல் வாங்கி விற்கும் வணிகமாகத் தொடங்கி, 1954ல் சொந்தமாக மட்கலம் செய்ய ஆரம்பித்தார்கள். நீங்கள் வாங்கும் முதல் ஜாடி பெரும்பாலும் ஷோய்ரிஷாகத்தான் இருக்கும். அவ்வளவு செய்து குவித்தவர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஊர் ரைன்பாக். பான் நகருக்குப் பக்கத்தில் இருக்கிற சிறிய ஊர். அங்கே ருஷா என்ற தொழிற்சாலையில் ஓட்டோ கெர்ஹார்ஸ் என்பவர் 1959ல் 'வுல்கானோ' என்ற கிளேஸை, அதாவது மண்ணின்மேல் ஏற்றிச் சுடும் கண்ணாடிப் பூச்சை, உருவாக்கினார். பெயருக்கேற்ப எரிமலைக் குழம்பு ஓடி உறைந்தது போன்ற பரப்பு. 1964ல் அதே ஊரில் ஓட்டோ கெராமிக் என்று தனியாகத் தொடங்கினார். இந்த வகை முழுவதற்கும் வேர் தேடினால் அந்தச் சூளைக்கு வந்து நிற்பீர்கள்.

அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து எழுபதுகளின் நடுவரை இதற்குப் பொற்காலம். ஆரஞ்சுச் சுவர்த்தாள், பழுப்பு சோபா, தரையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு ஜாடி, அதில் காய்ந்த புல் கதிர்கள் என்று அன்றைய ஜெர்மன் வீடுகள் இருந்தன. பிறகு ரசனை மாறியது. ஜாடிகள் பரணுக்கும் நிலவறைக்கும் போயின. பல தொழிற்சாலைகள் மூடப்பட்டன. 2006ல் இங்கிலாந்தின் கிங்ஸ் லின் நகரில் கிரஹாம் கூலி என்பவரின் சேகரிப்பைக் கண்காட்சியாக வைத்தபோதுதான் 'ஃபாட் லாவா', அதாவது தடித்த எரிமலைக் குழம்பு, என்ற பெயர் பரவி, உலகம் திரும்பிப் பார்த்தது. தங்கள் பாட்டி வீட்டுச் சாமான் என்று ஜெர்மானியர்கள் ஒதுக்கியதை ஆங்கிலேயர்கள் கொண்டாடினார்கள்.

அந்தக் குமிழியும் பள்ளமும் எப்படி வருகின்றன? கையால் குத்துகிறார்களா?

சூளைக்குள் தானாக வருவது அது. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் பாதி ஜாடிகளைக் கண்ணாலேயே படித்துவிடலாம்.

கிளேஸ் என்பது மண்ணின்மேல் உருகி ஒட்டும் கண்ணாடி. சாதாரணமாக அதிலுள்ள வாயு சூட்டில் வெளியேறி, பரப்பு மூடி, வழவழப்பாகிவிடும். குமிழி விழுந்தால் குயவருக்கு அது தோல்வி. லாவா கிளேஸில் அந்தத் தோல்வியை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். கிளேஸில் சிலிக்கான் கார்பைடு தூளைச் சேர்க்கிறார்கள். உப்புத்தாள் செய்ய உதவும் அதே கடினமான பொருள். உருகிய கிளேஸில் அது வினைபுரிந்து கரிம வாயுக்களை வெளிவிடும். கிளேஸ் கெட்டியாக, பாகு போல இருந்தால் வாயு எளிதில் தப்ப முடியாமல் பொங்கும். அதிரசம் எண்ணெயில் உப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். சில குமிழிகள் வெடித்துக் கிண்ணமாகும், சில வெடிக்காமல் மேடாக உறையும். எவ்வளவு தூள், எவ்வளவு தடிமன், எவ்வளவு நேரம் சூட்டில் நின்றது, எவ்வளவு வேகமாக ஆறியது என்பதைப் பொறுத்து மணல் போன்ற நெருக்கமும் வரும், நிலாப் பள்ளம் போன்ற அகலமும் வரும்.

லண்டனில் தனிப் பட்டறை வைத்திருந்த லூசி ரீ இதே சிலிக்கான் கார்பைடை வைத்துத்தான் தன் 'எரிமலை' கிண்ணங்களைச் செய்தார். அவர் கையில் அது மெல்லிய, ஒதுங்கிய பேச்சு. ஜெர்மன் தொழிற்சாலைகளில் அதே வேதியியல் திருவிழா ஒலிபெருக்கி போல முழங்கியது. எனக்கு இரண்டும் வேண்டும்.

இன்னொரு வழி மண்ணிலேயே இருக்கிறது. ஏற்கெனவே சுட்ட ஓட்டை இடித்துப் பொடியாக்கிப் புதிய களிமண்ணில் கலப்பார்கள், சாமோட் என்பார்கள். மண் காயும்போது அதிகம் சுருங்காது, தடித்த சுவரானாலும் வெடிக்காது. கிளேஸ் போடாமல் விட்டால் அந்தப் பருக்கைகளே கான்கிரீட் போன்ற பரப்பைத் தரும்.

நிறங்களைப் பற்றி ஒரு சொல்: பழுப்பும் கறுப்பும் பெரும்பாலும் இரும்பு, மாங்கனீசு சேர்மங்களால் வருபவை. அந்தப் பளீரென்ற சிவப்பும் ஆரஞ்சும் காட்மியம்-செலினியம். இதைக் கீழே மறுபடியும் சொல்வேன்.

ஜாடியின் அடியில் எண்கள் இருக்கின்றன. அவற்றை எப்படிப் படிப்பது?

எந்த ஜாடியானாலும் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். சந்தையில் என்னைப் போன்றவர்களை இந்த ஒரு செய்கையால் அடையாளம் கண்டுவிடலாம்.

'டபிள்யூ. ஜெர்மனி' என்று அச்சில் பதிந்திருந்தால், 1949க்கும் 1990க்கும் இடைப்பட்ட மேற்கு ஜெர்மனிப் பொருள். அதோடு இரண்டு எண்கள் கோடு போட்டு இருக்கும். ஷோய்ரிஷின் 414-16 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: 414 என்பது உருவத்தின் எண், 16 என்பது உயரம், சென்டிமீட்டரில். அளவுகோல் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய சரியாக வரும். எண் அச்சுக்கு உரியது, கிளேஸுக்கு உரியதல்ல. ஒரே 414 பச்சையிலும் வரும், எரிமலைச் சிவப்பிலும் வரும். இரண்டுக்கும் விலை வேறு.

நிறுவனத்தின் பெயர் பெரும்பாலும் மண்ணில் இருக்காது. பளபளக்கும் தாள் சீட்டாக ஒட்டியிருப்பார்கள், அது உதிர்ந்திருக்கும். சீட்டு மிஞ்சியிருந்தால் தயவுசெய்து கழுவிவிடாதீர்கள். பெயர் இல்லாதபோது கை கொடுப்பது மண்ணின் நிறம். கிளேஸ் படாத அடி வளையத்தைப் பாருங்கள். ஷோய்ரிஷில் அது பெரும்பாலும் வெள்ளை. வேறு சில இடங்களில் செங்கல் சிவப்பு. அடி வளையத்தின் அகலம், அதைச் சீவிய விதம், எண்ணின் எழுத்து வடிவம் எல்லாம் பழகப் பழகக் கையெழுத்து போலத் தெரிய ஆரம்பிக்கும்.

பெயர் கிடைக்கவில்லை என்றாலும் ஜாடி நன்றாக இருந்தால் வாங்குங்கள். என்னிடம் இருப்பதில் மிக அழகான கறுப்புத் தூண் ஒன்றை யார் செய்தார்கள் என்று அதன் அடியில் ஒரு குறிப்பும் இல்லை.

ட்ரோய்கா என்று அடிக்கடி கேள்விப்படுகிறேன். அது என்ன?

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் கார்ன்வால். அங்கே செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரில் 1963ல் மூன்று பேர் சேர்ந்து தொடங்கிய பட்டறை: லெஸ்லி இல்ஸ்லி, பென்னி சிரோட்டா, ஜான் தாம்சன். சிற்பி, குயவர், கட்டடக் கலைஞர் என்று ஆளுக்கொரு தொழில். அதே ஊரில் 1920 முதல் பெர்னார்ட் லீச்சின் பட்டறை இருந்தது. திகிரியில் (குயவர் சக்கரத்தில்) வனைந்த, அன்றாடம் புழங்கும் கலங்களே மேல் என்று சொன்ன மரபு அது. அந்த ஊரிலேயே இவர்கள் திகிரியை விட்டுவிட்டு, அச்சில் வார்த்த சதுரங்களையும் சக்கரங்களையும் புகைபோக்கிகளையும் செய்தார்கள். அன்று அதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

சேர்ப்பவர்கள் வைத்த பெயர்களே உருவத்தைச் சொல்லிவிடும்: சக்கர ஜாடி, சவப்பெட்டி ஜாடி, புகைபோக்கி ஜாடி, கனசதுரம், முகமூடி. கார்ன்வாலின் பழைய தகரச் சுரங்கப் புகைபோக்கிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஜாடிகள் எங்கிருந்து வந்தன என்று உடனே புரியும். 1970ல் பட்டறை நியூலின் ஊருக்கு மாறியது, 1983ல் மூடப்பட்டது. அடியில் 'ட்ரோய்கா செயின்ட் ஐவ்ஸ்' என்று இருந்தால் முன்காலத்தது. பக்கத்தில் இருக்கும் சிறிய எழுத்துகள் அலங்கரித்த கலைஞரின் முதலெழுத்துகள். ஜெர்மன் ஜாடியைவிட விலை நன்றாகவே கூடுதல். முகமூடிகளுக்கு இன்னும் பல மடங்கு.

ஹான்ஸ் கோப்பர், வோல்கஸ் போன்ற பெயர்பெற்ற குயவர்களின் படைப்பை வாங்க முடியுமா?

பெரும்பாலோருக்கு முடியாது, அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாருங்கள். கோப்பர் ஜெர்மனியில் பிறந்து 1939ல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவர். 1946 முதல் லூசி ரீயின் பட்டறையில் வேலை பார்த்தார். கோவென்ட்ரி தேவாலயத்துக்கு அவர் செய்த உயர்ந்த மெழுகுவர்த்தித் தாங்கிகள் 1962 முதல் அங்கே நிற்கின்றன. திகிரியில் தனித்தனியாக வனைந்து, பிறகு ஒட்டி, சுரண்டி, பல நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்தது போல ஆக்கிவிடுவார். அமெரிக்காவில் பீட்டர் வோல்கஸ் களிமண்ணை அடுக்கி, கிழித்து, குத்திச் செய்த பெரிய அடுக்குக் கலங்களும் அப்படித்தான். படத்தில் அவற்றின் பாரம் தெரியாது. நார்விச்சில் உள்ள செய்ன்ஸ்பரி மையத்தில் ரீ, கோப்பர் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். ஜெர்மனிக்கு வந்தால் ஹோர்-கிரென்ஸ்ஹவுசனில் உள்ள வெஸ்டர்வால்ட் மட்கல அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

இப்போது செய்பவர்களில் யாரைப் பார்க்கலாம்?

லண்டனில் அகிகோ ஹிராய் செய்யும் நிலா ஜாடிகள் கடலடியில் கிளிஞ்சல் படிந்தவை போல இருக்கும். 2019ல் லோவே கைவினைப் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றவர். ஜப்பானின் தகுரோ குவாதா, களிமண்ணில் சேர்த்த கல் சூளையில் வெடித்து வெளியே தள்ளும் 'இஷிஹாசே' என்ற பழைய உத்தியை எடுத்து, அதைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறார். டென்மார்க்கின் மோர்ட்டன் லோப்னர் எஸ்பர்சன், எளிய உருளை ஒன்றின்மேல் கிளேஸை மட்டும் மீண்டும் மீண்டும் ஏற்றிச் சுட்டு, அந்தப் பரப்பையே பொருளாக்குகிறார்.

ஊரில் இருப்பவர்கள் இத்தனை தூரம் போக வேண்டியதில்லை. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971ல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி, உயர் சூட்டில் சுடும் ஸ்டோன்வேர் கலையை ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தது. மீக்கர் கட்டடக் கலையும் படித்தவர்; களிமண்ணால் வீட்டைக் கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கி எரித்துச் சுட்டுப் பார்த்தவர். அவரிடமும் அவர் மாணவர்களிடமும் பயின்றவர்கள் புதுச்சேரி, ஆரோவில் பட்டறைகளில் வேலை செய்கிறார்கள். நேரில் போய், சூளையிலிருந்து வந்த கலத்தை அதைச் செய்தவர் முன்னாலேயே கையில் எடுத்துப் பார்க்க முடிகிறது. பழைய ஜாடியில் இந்தப் பாக்கியம் கிடைக்காது.

ஆன்லைனில் 'புரூட்டலிஸ்ட் வாஸ்' என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வருகின்றன. எல்லாம் மட்கலமா?

இல்லை. ஒரு பகுதி சிமெண்ட் வார்ப்பு, ஒரு பகுதி ரெசின், இன்னும் சில சாதாரண ஜாடிமேல் மணலும் பெயிண்டும் கலந்து பூசியவை. பிடித்திருந்தால் வாங்குவதில் தவறில்லை. மட்கல விலை கொடுக்காதீர்கள். கண்டுபிடிக்க அடிப்பகுதியின் படத்தைக் கேளுங்கள். சுட்ட மண் எங்காவது தன் நிறத்தைக் காட்டியே ஆக வேண்டும். அடியில் முழுக்கத் துணியோ பஞ்சு அட்டையோ ஒட்டியிருந்தால் அதை நீக்கிப் படம் அனுப்பச் சொல்லுங்கள். வாங்கிய பிறகானால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள்: பெயிண்ட் உதிரும், சூளையில் உருகிய கிளேஸ் அசையாது.

'1960கள், மேற்கு ஜெர்மனி' என்று எழுதியிருப்பதை நம்பி மட்டும் பணம் கட்ட வேண்டாம். கரடாக இருந்தாலே அந்த முத்திரையைக் குத்திவிடும் விற்பனையாளர்கள் உண்டு.

வாங்குமுன் பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சந்தையில் பானை வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் விரல் கணுவால் தட்டிக் காது கொடுப்பார்களே, அதுதான் முதல் சோதனை. கணீரென்றால் நல்லது, சொத்தென்றால் எங்கோ விரிசல். என் அம்மா இங்கே வந்திருந்தபோது சந்தையில் ஒரு ஜாடியைத் தட்டிவிட்டு, வேண்டாம் என்று தலையசைத்தார். வெளிச்சத்தில் பார்த்தால் கழுத்தைச் சுற்றி மயிரிழை விரிசல்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. குறைந்த சூட்டில் சுட்ட தடித்த ஜாடியும் சாமோட் கலந்த ஜாடியும் நல்ல நிலையிலேயே மந்தமாகத்தான் ஒலிக்கும். காதை மட்டும் நம்பாமல் கைபேசி விளக்கை வாய்க்குள் விட்டு உள்சுவரைப் பாருங்கள். விளிம்பை விரலால் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஒட்டுப்போட்டு நிறம் தீட்டியிருந்தால் அந்த இடம் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பாக, பிளாஸ்டிக் போல இருக்கும். கறுப்பு ஒளி (புற ஊதா) டார்ச் இருந்தால் ஒட்டுப்பசை பெரும்பாலும் ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

லாவா ஜாடியில் எது பழுது, எது இயல்பு என்பதில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். வெடித்த குமிழியின் விளிம்பு கூர்மையாகவே இருக்கும், அது பிறவிக்குணம். பள்ளத்தின் உள்ளே கண்ணாடி படிந்திருந்தால் சூளையில் வந்தது. உள்ளே வெறும் மண் தெரிந்து, அது சுத்தமாக வெளுத்திருந்தால் பின்னால் அடிபட்டது. அடிபட்ட தழும்பு பின்பக்கம் இருந்து விலையும் இறங்கினால் நான் வாங்கிவிடுவேன். வாய் விளிம்பில் இருந்தால் வேண்டாம்.

தண்ணீர் ஊற்றி உண்மையான பூ வைக்கலாமா?

ஸ்டோன்வேர் ஆனால் தாராளமாக. 1200 பாகை செல்சியஸுக்கு மேல் சுடும்போது மண்ணே இறுகிவிடும். ஜெர்மன் தொழிற்சாலை ஜாடிகள் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த சூட்டில் சுட்டவை, மண் நீரை உறிஞ்சும். உள்ளே கிளேஸ் இருந்தாலும் 50 ஆண்டில் மயிரிழைக் கீறல் விழுந்திருக்கும். நான் வாங்கிய முதல் பெரிய ஜாடியில் இரவு தண்ணீர் ஊற்றினேன். காலையில் மர அலமாரியில் வட்டமாக ஈரம், இன்றைக்கும் அந்தத் தடம் இருக்கிறது. அதிலிருந்து புதிதாக வரும் ஒவ்வொன்றையும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீருடன் செய்தித்தாள்மேல் நிறுத்திப் பார்க்கிறேன். கசிந்தால் உள்ளே கண்ணாடிக் குழாயோ வெட்டிய தண்ணீர் பாட்டிலோ வைத்துவிடலாம். காய்ந்த நாணல், பம்பாஸ் புல், ஒற்றைக் கிளை இவற்றுக்குத் தண்ணீரே வேண்டாம். இந்த ஜாடிகளுக்கு அவைதான் பொருத்தமும்கூட. மல்லிகைச் சரத்தின் மென்மையை இந்தக் கரட்டு உடம்பு விழுங்கிவிடுகிறது. ஒரு முரட்டுக் கிளை வைத்தால் இரண்டும் நிமிர்ந்து நிற்கின்றன.

கைப்பிடி வைத்த ஜாடியில் குடிநீர், மோர், சாம்பார் ஊற்றலாமா?

கூடாது. மேலே சொன்ன சிவப்பும் ஆரஞ்சும் காட்மியம். அன்றைய கிளேஸ்களில் ஈயமும் இருக்கக்கூடும். புளிப்பு பட்டால் இவை கரைந்து வரும். கூஜா மாதிரி இருந்தாலும் இது அலங்காரப் பொருள் மட்டுமே.

தூசி பள்ளங்களில் அடைகிறது. எப்படிச் சுத்தம் செய்வது?

வாரம் ஒருமுறை மென்மையான ஷேவிங் பிரஷ் போதும். துணி வேண்டாம், கூர்விளிம்பில் நூல் மாட்டி இழுபடும். புதிதாக வாங்கியதை மட்டும் வெதுவெதுப்பான நீரில் துளி சோப்பு விட்டு, பிரஷால் தேய்த்து, கவிழ்க்காமல் பக்கவாட்டில் படுக்கவைத்து இரண்டு நாள் உலரவிடுங்கள். ஊறவைக்காதீர்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடவே போடாதீர்கள். உள்ளே உப்புக்கறை படிந்திருந்தால் வினிகரில் ஊறவைக்கச் சிலர் சொல்வார்கள். இந்தக் கிளேஸ்களில் அமிலம் நல்லதல்ல, பூவோ புல்லோ மறைக்கும் இடத்துக் கறையை நான் அப்படியே விட்டுவிடுகிறேன்.

வீட்டில் எங்கே வைத்தால் எடுப்பாக இருக்கும்?

பக்கவாட்டு வெளிச்சம் விழும் இடத்தில். ஜன்னலுக்கு நேர் எதிரே வைத்தால் பரப்பு தட்டையாகிவிடும். ஜன்னலை ஒட்டிய சுவரோரம் வைத்தால் காலை வெயில் சாய்வாக வந்து ஒவ்வொரு குழிக்கும் நிழல் கொடுக்கும். மாலையில் அதே ஜாடி வேறு முகம் காட்டும். கூரையிலிருந்து நேராக அடிக்கும் விளக்கு இவற்றுக்குப் பகை.

நெருக்கி அடுக்கிவிடாதீர்கள். ஆரம்பத்தில் நானும் ஒரே அலமாரியில் 14 வைத்திருந்தேன், எதுவும் தெரியவில்லை. இப்போது ஒரு பார்வைக்கு மூன்றுக்கு மேல் வைப்பதில்லை. மற்றவை பெட்டியில் இருக்கும், மாதம் ஒருமுறை மாற்றுவேன். சுண்ணாம்பு வெள்ளைச் சுவர், சிவப்பு ஆக்சைடு தரை, காரைக்குடித் தேக்கு அலமாரி என்று நம் பழைய வீடுகளில் இருப்பவை இவற்றுக்கு மிக நன்றாகப் பொருந்தும் என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். குழந்தைகள் ஓடும் வீடானால் உயரமான ஜாடிக்குள் கால் பங்குக்கு உலர்ந்த மணல் போடுங்கள், சாயாது.

என்ன விலை கொடுக்கலாம்?

ஜெர்மன் சந்தைகளில் 20 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சாதாரண ஜாடிகளை 10 முதல் 25 யூரோவுக்கு வாங்கியிருக்கிறேன். இணையத்தில் அதுவே இரண்டு மூன்று மடங்கு. நல்ல லாவா பரப்புள்ள தரை ஜாடிக்கு நூறு யூரோவைத் தாண்டிப் போக வேண்டிவரும். விலையைக் கூட்டுவன: கிளேஸின் அடர்த்தி, அரிதான உருவம், உயரம், ஒட்டியிருக்கும் சீட்டு. இதை முதலீடாக நினைத்து வாங்க வேண்டாம் என்றே எல்லோரிடமும் சொல்வேன். ரசனை ஒருமுறை மாறிப் பரணுக்குப் போன பொருள் இது. முதல் ஆண்டில் கையில் உள்ள பணத்தைப் பத்து சிறியவற்றுக்குப் பிரிக்காமல் இரண்டு நல்லதற்குப் போடுங்கள்.

இந்தியாவுக்கு எப்படிப் பத்திரமாகக் கொண்டுவருவது?

ஜாடியின் வயிற்றுக்குள் கசக்கிய காகிதத்தை அடைத்து, குமிழித் தாளால் பல சுற்றுச் சுற்றி, ஒரு பெட்டியில் அசையாமல் வைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் மெத்தை விட்டு வைக்க வேண்டும். கழுத்துக்கும் கைப்பிடிக்கும் தனியாகக் காகிதச் சுருள். பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. கூரியரில் அனுப்பினால் சுங்க வரியை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், சில சமயம் ஜாடி விலையைத் தாண்டிவிடும். சிறியவற்றை நான் கைப்பையில், மடியில் வைத்தே கொண்டுபோகிறேன்.

உடைந்துவிட்டால்?

ஒன்று உடைந்தது. தங்கைக்காக அனுப்பிய செம்பழுப்பு ஜாடி, வழியில் யாரோ தவறவிட்டுப் பெட்டிக்குள் ஏழு துண்டாகப் போய்ச் சேர்ந்தது. எபாக்ஸி பசையால் ஒட்டி உலர்ந்த பூவுக்கு வைத்துக்கொள்ளலாம். தண்ணீருக்கு இனி ஆகாது. தங்கை ஐந்து துண்டுகளை ஒட்டி, உடைந்த பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்திருக்கிறாள். ஒட்டாத இரண்டு துண்டுகளை நான் திரும்ப வாங்கிவந்தேன். வெட்டுவாயில் எல்லாம் தெரிகிறது: வெள்ளை மண், அதன்மேல் நகக்கண் அளவு பழுப்பு அடிக்கிளேஸ், அதற்கும் மேலே சோற்றுப் பருக்கை தடிமனுக்கு லாவா, அதற்குள் வெடிக்காமல் அடைபட்ட குமிழிகள். சந்தைக்குப் போகும்போது அதில் ஒரு துண்டைச் சட்டைப்பையில் எடுத்துப் போகிறேன். அடி வளையத்துக்குப் பக்கத்தில் வைத்து மண் நிறம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க உதவுகிறது.